அந்த டூ-இன்-ஒன் என்ன ஆனது?

கேள்வி: எனக்கு 53 வயது, அண்ணனுக்கு 60. இருவருமே எஸ்.பி.பி. பைத்தியம். 'இளைய நிலா', 'பனி விழும் மலர் வனம்' காலத்துக் குரல்தான் அசல் எஸ்.பி.பி. என்பார் அண்ணன். 'ரோஜா'வுக்குப் பிறகுதான் அந்தக் குரலின் முழு அழகும் வெளியே வந்தது என்பது என் கட்சி. அண்ணனின் பெண் வயிற்றுப் பேரனுக்குக் காதுகுத்து. அங்கே இந்தப் பேச்சு முற்றி, சம்பந்தி வீட்டார் முன்னாலேயே, "கேசட் காலத்தோடு நின்றுவிட்டார், 89க்கு அப்புறம் வந்த எஸ்.பி.பி.யையே இவருக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். (அப்பா தவறிய அடுத்த வருடம், நான் இன்ஜினீயரிங் சேர்ந்தபோது, வீட்டிலிருந்த டூ-இன்-ஒன்னை, ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டியை, அண்ணன் விற்றுவிட்டார். அப்புறம் லேத் பட்டறை வேலையிலேயே மூழ்கிப் பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார்.) மூன்று மாதமாக என்னோடு பேச்சு இல்லை. எது எஸ்.பி.பி.யின் உண்மையான குரல் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அவரிடம் காட்டுகிறேன்.
- வாசகர், சென்னை

பதில்: தீர்ப்பு கிடையாது. அடைப்புக்குறிக்குள் இரண்டு வரி போட்டிருக்கிறீர்களே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். டூ-இன்-ஒன்னை அண்ணன் விற்றார் என்கிறீர்கள். எதற்கு விற்றார் என்று எழுதவில்லை. நீங்கள் கல்லூரியில் சேர்ந்த வருடம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அந்தப் பணம் எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியாதா?

அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் டூ-இன்-ஒன் இருந்தால் அது என்ன சொத்து என்று எனக்குத் தெரியும். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டுத்தான் பிடிக்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நோட்டுத் தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு, கேசட் எப்போது தயாராகும் என்று தினம் போய் நிற்போம். அப்படிச் சேர்த்த பாட்டுகளை 24 வயதுப் பையன் ஒரே நாளில் கைவிடுகிறான் என்றால், சாதாரண விஷயமா அது?

89க்கு அப்புறம் வந்த எஸ்.பி.பி.யை அவருக்குத் தெரியாதுதான். 1990இல் 'கேளடி கண்மணி' வந்தபோது அவர் பட்டறையில் நின்றுகொண்டிருந்தார். 1992இல் 'ரோஜா' வந்தபோது உங்களுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். 'காதல் ரோஜாவே'யை உட்கார்ந்து, ரசித்து, நாலு பேரோடு விவாதித்துக் கேட்க உங்களுக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தை உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது யார்? டீக்கடையில் அவர் காதிலும் விழுந்திருக்கும். காதில் விழுவதும் கேட்பதும் ஒன்றா?

பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தப்பித்துக்கொண்டேன் என்பீர்கள். டைபாய்டில் படுத்திருந்த இளைஞனுக்காக எம்.ஜி.ஆர். காத்திருந்து பாடவைத்த 'ஆயிரம் நிலவே வா' 1969இல் வந்தது. உங்கள் இருவர் கணக்கிலும் அது இல்லை! கமலுக்கு ஒரு மாதிரி, ரஜினிக்கு ஒரு மாதிரி என்று குரலை மாற்றிக்கொண்டே போனவர் அவர். 'இளைய நிலா' வந்த 82இல் வாத்தியக்காரர்கள் கூட்டமாக வாசிக்கக் கூடவே பாடினார். ரஹ்மானிடம் தனியாகப் பாடிப் பதிவு செய்து, பிறகு கோத்தார்கள். குரல் உங்கள் காதோரம் வந்து பேசியதில் மைக்குக்கும் பங்குண்டு. எனக்கு 82தான் உயிர். ஆனால் இதை வைத்து அண்ணனை ஜெயிக்கவோ அவரிடம் தோற்கவோ நான் உங்களுக்கு உதவ மாட்டேன்.

அப்பா போன வீட்டில் மூத்தவர்தான் தகப்பன். பழைய பேச்சு என்று யார் சொன்னாலும் நான் அதை விடமாட்டேன். பெண்ணைக் கொடுத்த இடத்தார் முன்னால் ஒரு மனிதர் தன் மரியாதையை எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்! அந்த இடத்தில் உட்காரவைத்து, உலகம் தெரியாதவர் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த உலகத்தை உங்களுக்கு விட்டுக்கொடுத்தவரைப் பார்த்து. படித்த படிப்பு இதற்குத்தானா?

நேரில் போங்கள், போனில் வேண்டாம். மனைவியையும் கூட்டிப் போங்கள். "தப்பாப் பேசிட்டேன்ண்ணா" என்பதற்கு மேல் விளக்கம் கொடுக்காதீர்கள், எஸ்.பி.பி. பேச்சையே எடுக்காதீர்கள். அப்புறம் அந்தச் சம்பந்தி வீட்டுக்கும் போய், உங்கள் காலேஜ் ஃபீஸ் எங்கிருந்து வந்தது என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அண்ணனாக அதை ஒருநாளும் சொல்லமாட்டார்.

இன்னொன்று. மெஷினை விற்றார், சரி. கேசட்டுகளை என்ன செய்தார்? கடிதத்தில் அதுவும் இல்லை. பரணில் இருக்கிறதா என்று அண்ணியிடம் கேளுங்கள்.