சோதனை செய்வது யார்?

கேள்வி: பாலஸ்தீன நகரமான ராமல்லாவில் தெருவுக்குத் தெரு இஸ்ரேலியப் பீரங்கி வண்டி நின்ற காலத்தில், அங்கே இருந்தவர்கள் 'சோதனை முயற்சி' என்று சொல்லித் தலையும் வாலும் புரியாத குறும்படங்களை எடுத்திருக்கிறார்கள். உங்கள் இதழும் அவற்றைப் புகழ்கிறது. நடந்ததை நடந்தபடி காட்டினால் போதாதா? கூரை எரியும்போது வாசலில் கோலம் போடுகிற வேலை இல்லையா இது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் எரிகிற கூரைக்கு அடியில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. உங்களுக்கு இல்லை போலிருக்கிறது.

நீங்கள் கேட்கிற 'நடந்தது நடந்தபடி' அங்கே பஞ்சமில்லாமல் கிடைத்தது. 1987 டிசம்பரில் காஸாவில் முதல் இன்டிஃபாதா, அதாவது இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான பாலஸ்தீன மக்கள் எழுச்சி, வெடித்ததும் உலகத் தொலைக்காட்சிகள் அங்கே போய் இறங்கின. 1988 பிப்ரவரியில் மேற்குக் கரையின் நாப்லுஸ் நகருக்கு அருகே, பிடிபட்ட இரண்டு இளைஞர்களை இஸ்ரேலியச் சிப்பாய்கள் கல்லால் அடிப்பதை அமெரிக்காவின் சி.பி.எஸ். படக்குழு எடுத்தது. உலகமே பார்த்தது, 'ஐயோ' என்றது, அடுத்த செய்திக்குப் போனது. கல்லெறியும் பையன், முகத்தைச் சுற்றிய கஃபியே என்ற கட்டம்போட்ட துண்டு, எரியும் டயர். பாலஸ்தீனர் என்றால் இந்த மூன்றுதான் என்று பார்ப்பவர் மனதில் பதியும்வரை இதே காட்சிகள் ஓடின.

இந்தத் தேய்ந்த காட்சிகளையே 1990-இல் இரண்டு பேர் கையில் எடுத்தார்கள். ஒருவர் நாசரேத்தில் பிறந்த எலியா சுலைமான், இன்னொருவர் லெபனான் வம்சாவளிக் கனடியர் ஜெய்ஸ் சலூம். 'ஒரு வாதத்தின் முடிவுக்கு முன்னுரை' என்பது படத்தின் பெயர். ஹாலிவுட்டிலும் செய்திகளிலும் அரபு மனிதன் தலைகாட்டும் துண்டுகளை வெட்டி அடுக்கி, இடையிடையே மேற்குக் கரையிலும் காஸாவிலும் எடுத்த காட்சிகளைச் செருகியிருந்தார்கள். குறும்படம் என்று சொல்லக் கொஞ்சம் நீளம், சுமார் 40 நிமிடம். முதல்முறை பார்த்தபோது எனக்கும் தலை சுற்றியது. அதில் நெரிசல் அதிகம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு செய்தியில் வரும் அரபு முகத்தைப் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை.

சரி, உங்கள் 'சோதனை'க்கு வருகிறேன். நம் மொழியில் அந்தச் சொல்லுக்குப் புது முயற்சி என்றும் பொருள், பையைத் திறந்து காட்டு என்பதும் பொருள், 'என்ன சோதனையடா சாமி' என்று பெருமூச்சு விடுவதும் அதே சொல்தான். 2000 செப்டம்பருக்குப் பிறகு, இரண்டாம் இன்டிஃபாதாவில், பாலஸ்தீனருக்கு இந்த மூன்றும் ஒரே இடத்தில் நடந்தன. அந்த இடம், இஸ்ரேலிய ராணுவம் சாலையை மறித்து வைத்த சோதனைச்சாவடி.

ராமல்லாவுக்கும் பிர்ஸெயித் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஸுர்தா என்று ஒரு சாவடி. வண்டி போக முடியாது. கிழவர், குழந்தை, நோயாளி யாரானாலும் நடைதான், சில நாள் 2 கிலோமீட்டர் வரை. எமிலி ஜாசிர் என்ற பாலஸ்தீனக் கலைஞர் வேலைக்குப் போக தினமும் அதைக் கடந்தார். 2002-இல் ஒரு நாள், நடக்கிற தன் பாதங்களை வீடியோ கேமராவில் எடுத்துக்கொண்டே போனார். பாதங்களை மட்டும்தான்! சிப்பாய் மறித்தார். எமிலி நீட்டிய அமெரிக்கப் பாஸ்போர்ட்டைச் சேற்றில் எறிந்தார். மூன்று மணி நேரம் துப்பாக்கி முனையில் மழையில் நிற்கவைத்து, நாடாவைப் பறித்துக்கொண்டு அனுப்பினார்.

அன்று இரவு எமிலி ஜாசிர் தன் பையில் ஒரு ஓட்டை வெட்டி, கேமராவை உள்ளே வைத்தார். அடுத்து எட்டு நாள் போக வர எடுத்தார். படத்தில் இருப்பது சேறு, கால்கள், சாய்ந்து ஆடும் வானம். சட்டகம் கோணலாக இருக்கிறது, குலுங்குகிறது, கதை இல்லை. கலைக்கூடத்தில் இதை இரண்டு திரைகளில் ஓட்டுகிறார்கள், ஒன்றின் நீளம் 2 மணி 10 நிமிடம். 'புரியாத பாணி' என்று நீங்கள் முகம் சுளிப்பது இதைத்தான். அந்தப் பாணியைத் தீர்மானித்தது யார் என்று யோசித்தீர்களா? பையின் ஓட்டை எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கம் சட்டகம் சாய்ந்தது. நடந்ததை நடந்தபடி காட்டுவதென்றால் இதைவிட நேராக வேறு எப்படிக் காட்டுவது?

அவருடைய சகோதரி அன்னமேரி ஜாசிர் 2003-இல் எடுத்தது 17 நிமிடப் படம். பாலஸ்தீனக் கவிஞர் தவ்ஃபீக் ஸய்யாதின் கவிதை வரியிலிருந்து 'இருபது அசாத்தியங்கள் போல' என்று பெயர் வைத்தார். சாவடி மூடியிருக்கிறது என்று குறுக்கு வழியில் போகிற ஒரு படக்குழு சிப்பாய்களிடம் மாட்டிக்கொள்கிறது. ஒரே வேனில் வந்தவர்கள், ஆனால் ஆளுக்கொரு அடையாள அட்டை, ஆளுக்கொரு விதி. குழுவைப் பிரிக்கப் பிரிக்க, படத்தில் ஒலி ஒரு பக்கமும் காட்சி ஒரு பக்கமுமாகப் பிரிந்து போகின்றன. ஒலிப்பதிவாளரைத் தனியே இழுத்துப் போய்விட்டால் ஒலி எங்கிருந்து ஒட்டும்?

இப்படி எடுத்ததெல்லாம் தேறியது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வெளிநாட்டுக் கலைக்கூடத்தின் வெள்ளைச் சுவரை மனதில் வைத்துச் செய்தவையும் உண்டு, பார்த்துச் சலித்திருக்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது வேறு. அடிபட்டவர் நம் முன்னால் வந்து அழுதுகாட்ட வேண்டும், வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், வடிவம், விளையாட்டு, கிண்டல் எல்லாம் நிம்மதியாக வாழ்கிற நமக்கு மட்டும் என்று அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

கிண்டல் என்றதும் பாலஸ்தீனக் கலைஞர் ஷரீஃப் வாகெத் நினைவுக்கு வருகிறார். 2003-இல் அவர் எடுத்த 'ஷிக் பாயின்ட்' ஒரு ஃபேஷன் ஷோ. ஆண் மாடல்கள் மேடையில் மிடுக்காக நடந்துவருகிறார்கள். ஒவ்வொரு சட்டையிலும் வயிறு தெரிய ஓர் ஓட்டை, ஒரு ஜிப், ஒரு வலை. இடுப்பில் வெடிகுண்டு இல்லை என்று சாவடியில் காட்ட வசதியான உடைகளாம். சிரித்துக்கொண்டுதான் பார்ப்பீர்கள். கடைசியில் இசை நின்று நிழற்படங்கள் வருகின்றன. 2000-க்கும் 2003-க்கும் இடையே உண்மையான சாவடிகளில், துப்பாக்கிக்கு முன்னால் சட்டையைத் தூக்கிப்பிடித்து நிற்கும் ஆண்கள்.

ஏழு நிமிடம்தான். பார்த்துவிட்டு, கோலம் போடுகிறார்கள் என்று மறுபடியும் தோன்றினால் எழுதுங்கள். அடுத்த இதழிலும் வெளியிடுகிறேன், இந்தத் தடவை உங்கள் பெயரோடு.