கணக்கு எழுதியவர் பாஸ்வேர்டோடு போய்விட்டார்: போலீசா, சமரசமா?

கேள்வி: கும்பகோணத்தில் எவர்சில்வர், பித்தளைப் பாத்திர மொத்த வியாபாரம் செய்கிறேன். கடையில் ஏழு பேர். ஒன்பது வருடமாகக் கணக்கு எழுதியவர் சம்பளத் தகராறில் இரண்டு வாரம் முன்பு நின்றுவிட்டார். கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்தால் கம்பெனி பெயர் இருந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள்தான் தெரிகின்றன. ஜிஎஸ்டி தளத்தில் இருப்பதும் அவருடைய செல் எண்ணும் இமெயிலும்தான். பாக்கிச் சம்பளத்துக்கு மேல் ஒன்றரை லட்சம் கொடுத்தால்தான் பாஸ்வேர்டு என்கிறார். கடை வாட்ஸ்அப்பும் அவர் போனில் ஓடுகிறது. மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் என்னிடம் சரக்கு எடுக்கும் கடைகளுக்கு வேறொரு கடைக்காக ரேட் அனுப்புகிறாராம். போலீசில் புகார் கொடுக்கலாமா? சம்பளத்தை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: புகார் கொடுக்கலாம். சம்பளத்தை நிறுத்தக் கூடாது. ஆனால் இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே கெட்டுப்போகின்றன. பதற்றத்தில் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடுகிறார்கள், அல்லது யாரோ சொன்னார் என்று பாஸ்வேர்டு உடைக்கும் மென்பொருளை இறக்கி ஓட்டுகிறார்கள். எந்த பென்டிரைவ் என்று செருகப்பட்டது, எந்த ஃபைல் எப்போது மாறியது என்ற தடயங்கள் அதோடு அழிந்துவிடும். அந்த மென்பொருளோடு வைரஸ் வந்தால் மிச்சமும் போகும். மெஷினை அணைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரை வைத்து ஹார்ட் டிஸ்க்கை முழுதாக வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். ஃபோல்டரை மட்டும் காப்பி செய்வது போதாது. முழு இமேஜ் வேண்டும். எடுக்கும்போதே ஹாஷ் மதிப்பை (டிஸ்க்கில் எதுவும் மாறவில்லை என்று காட்டும் குறியீட்டு எண்) எழுதி வாங்குங்கள். பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-இன்படி மின்னணு ஆவணத்தோடு தரவேண்டிய சான்றிதழில் அந்த மதிப்பு கேட்கப்படுகிறது. சான்றிதழின் முதல் பகுதியில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டாம் பகுதியில் நிபுணர். இனி பரிசோதனை எல்லாம் பிரதியில்தான். அசலை உறையில் போட்டு ஒட்டி வையுங்கள். கடையில் சிசிடிவி இருந்தால் அவர் கடைசியாக வந்த நாட்களின் பதிவை இன்றே எடுத்துவிடுங்கள். டிவிஆர் இடம் நிறைந்ததும் பழையதன்மேல் எழுதிவிடும்.

நட்சத்திரக் குறி வந்தால் அது டேலிவால்ட் பூட்டு. யூசர் பெயர் கேட்டு நிற்பது வேறு பூட்டு. டேலிவால்ட் பாஸ்வேர்டு தொலைந்தால் டேலி நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. எனவே பழைய பேக்கப்பைத் தேடுங்கள்: பூட்டுப் போடுவதற்கு முன் எடுத்தது, உங்கள் ஆடிட்டருக்கு வருடக் கடைசியில் அனுப்பியது, எதுவானாலும். அதுவும் இல்லையென்றால் ஜிஎஸ்டி தளத்தில் இருக்கும் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 2பி (கொள்முதல் விவரம்), 3பி (வரிச் சுருக்க ரிட்டன்), இ-வே பில்கள் (சரக்கு அனுப்பும்போது போடும் மின்னணுச் சீட்டு), வங்கி ஸ்டேட்மென்ட் இவற்றை வைத்துக் கணக்கை மறுபடி எழுத வேண்டியதுதான். கடினம், ஆனால் முடியும்.

ஜிஎஸ்டிதான் அவசரம். ரிட்டன் சமர்ப்பிக்கும் ஓடிபி அவர் போனுக்குப் போகும்வரை உங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது. மாதாமாதம் 3பி போடுபவராக இருந்தால் 20-ம் தேதி கெடு. தாண்டினால் வரி உள்ள ரிட்டனுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டவேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இரண்டு ரிட்டன் தொடர்ந்து விடுபட்டால் இ-வே பில் போடுவதும் தடைபடும். மொத்த வியாபாரிக்கு அதுதான் பெரிய அடி. இதற்கு அவர் தயவு தேவையில்லை. லாகின் இல்லாமலே ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் பதிவு எண்ணைத் தேடினால் எந்த அலுவலரின் எல்லையில் இருக்கிறீர்கள் என்பது தெரியும். பதிவுச் சான்றிதழ், பான், ஆதார், கடை உங்களுடையது என்பதற்கான ஆவணங்களோடு நேரில் போய், செல் எண்ணையும் இமெயிலையும் மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அலுவலர் சரிபார்த்து மாற்றியதும் புது இமெயிலுக்கு யூசர் பெயரும் தற்காலிக பாஸ்வேர்டும் வரும். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். கணக்குப் புத்தகங்களை ஆண்டு ரிட்டன் கெடுவிலிருந்து 72 மாதம் பாதுகாக்கும் பொறுப்பு சட்டப்படி உங்களுடையது. ‘கணக்கர் தரவில்லை’ என்று பின்னால் சொல்வதற்கு எடை இருக்காது. இன்று கொடுக்கும் கடிதத்துக்கு இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஜிஎஸ்டிக்குக் கொடுத்திருப்பது அவருடைய சொந்த ஜிமெயில் என்றால், பாஸ்வேர்டை ஊகித்து அதற்குள் நுழையப் பார்க்காதீர்கள். உங்கள் கடை விவகாரம் அதில் இருந்தாலும் கணக்கு அவருடையது. அப்படிச் செய்தால் நீங்கள் அவர்மேல் கொடுக்கும் அதே பிரிவுகளில் அவர் உங்கள்மேல் கொடுப்பார். ஆட்களோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றாலும் அவர் புகார் கொடுக்க நீங்களே வழி செய்கிறீர்கள்.

வாட்ஸ்அப்புக்கு சிம் யார் பெயரில் என்று பாருங்கள். உங்கள் பெயரில் இருந்தால் அடையாள ஆவணம் காட்டி டூப்ளிகேட் சிம் வாங்கி, உங்கள் போனில் வாட்ஸ்அப் பிசினஸைப் பதிவு செய்யுங்கள். அவர் போனில் தானாக வெளியேறிவிடும். அவர் இரட்டைச் சரிபார்ப்புக்கான பின் எண் போட்டு வைத்திருந்தால், ஏழு நாள் காத்திருந்து அந்த எண் இல்லாமலே உள்ளே போகலாம். உள்ளே போனதும் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதியில் இருக்கும் எல்லாவற்றையும் வெளியேற்றி, புது பின் எண் போடுங்கள். சிம் அவர் பெயரில் என்றால் அந்த எண்ணை விட்டுவிட்டு, எண் மாறியதை வாடிக்கையாளர்களுக்கு இன்றே தெரியப்படுத்துங்கள்.

இனி சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 அனுமதியின்றித் தரவைப் பிரதி எடுப்பதை மட்டும் சொல்லவில்லை. உரிமை உள்ளவரைக் கம்ப்யூட்டருக்குள் நுழையவிடாமல் தடுப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. உங்கள் விஷயம் நேராக அங்கே பொருந்துகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66: மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் பாஸ்வேர்டால் இப்போதும் நுழைந்துகொண்டிருந்தால், பிறர் பாஸ்வேர்டைப் பயன்படுத்துவதற்கான பிரிவு 66சி-யும் வரும். பாக்கிக்கு மேல் பணம் கேட்டு மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 308-இன் கீழ் பார்க்கப்படலாம். எனவே அவர் அதைக் கேட்ட மெசேஜ் மிக முக்கியம். ஸ்கிரீன்ஷாட் போதாது. அந்த உரையாடலை ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்யுங்கள், மெசேஜ் வந்த போனை மாற்றாமல் வையுங்கள்.

புகாரைத் தஞ்சாவூர் மாவட்ட சைபர் குற்றப் பிரிவு காவல் நிலையத்தில் கொடுக்கலாம், சைபர்கிரைம் தேசியத் தளத்திலும் பதியலாம். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். 1930 என்ற எண் பணம் பறிபோனவர்களுக்கானது, உங்களுக்கு அல்ல. பிரிவு 66 ஜாமீனில் விடக்கூடிய குற்றம். புகார் கொடுத்த மறுநாள் அவர் உள்ளே போவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். நஷ்ட ஈடு வேண்டுமென்றால் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம், அவர் இந்தச் சட்டத்தின் தீர்ப்பு அலுவலர் என்ற முறையில், தனியாக மனுச் செய்யலாம். ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகள் அவரிடம்தான் போக வேண்டும்.

என் யோசனை, முதலில் வக்கீல் நோட்டீஸ், ஏழு நாள் கெடு. பெரும்பாலும் அங்கேயே பாஸ்வேர்டு வந்துவிடும். பிரிவு 66 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் என்பதால், வழக்குப் பதிவான பிறகும் பேசி முடிக்க வழி இருக்கிறது.

ஆனால் நோட்டீஸ் போகும் நாளிலேயே அவருடைய பாக்கிச் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதியம் தரவேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு, பிரிவு 17. ஏற்கனவே தாமதம். பணத்தை வைத்துக்கொண்டிருந்தால், ‘என் உழைப்புக்குக் கேட்டேன், மிரட்டவில்லை’ என்ற வாதத்தை நீங்களே அவர் கையில் கொடுக்கிறீர்கள். கடையில் எப்போதாவது பத்துப் பேர் வேலை செய்திருந்தால் பணிக்கொடையும் உண்டு. பிறகு ஆள் குறைந்தாலும் அந்தக் கடமை போகாது. ஒன்பது வருடம் உழைத்தவர். தரவேண்டியதைத் தந்துவிட்டு வழக்குப் பேசுவதுதான் நியாயம்.

அவர் வேறு கடையில் சேர்வதைத் தடுக்க முடியாது. வேலையை விட்ட பிறகு அதே தொழில் செய்யாதே என்ற ஒப்பந்தம், எழுதி வாங்கியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-இன்படி செல்லாது. நினைவில் இருக்கும் எண்ணுக்கு அவர் போன் செய்தால் ஒன்றும் செய்ய முடியாது. டேலியிலிருந்து லெட்ஜரை, யாருக்கு என்ன விலை, எவ்வளவு கடன் என்ற விவரத்தோடு எடுத்துப் போயிருந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கலாம். அதற்கும் அந்த ஹார்ட் டிஸ்க் பிரதிதான் ஆதாரம்.

புதிய கணக்கரை வைக்கும்போது டேலிவால்ட் பாஸ்வேர்டும் அட்மின் லாகினும் உங்களிடம் இருக்கட்டும். கல்லாப்பெட்டிச் சாவியை யாரும் கணக்கர் இடுப்பில் விட்டுவைப்பதில்லை. அவருக்குத் தனி யூசர், தேவையான அளவு உரிமை மட்டும். டேலி உரிமம் எந்த இமெயிலில் இருக்கிறது என்றும் பாருங்கள், பல கடைகளில் அதுவும் கணக்கருடையதாகவே இருக்கிறது. கடை பெயரில் புது இமெயில் தொடங்கி, மீட்பு எண்ணாக உங்கள் செல்லைக் கொடுத்து, ஜிஎஸ்டி, இ-வே பில், வருமான வரி, வங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். இ-வே பில் தளத்துக்குத் தனி யூசர் பெயர் உண்டு. அதை மறந்துவிட வேண்டாம்.

பேக்கப் தினமும் கடை அடைக்கும் முன். இரண்டு வெளி டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். செருகியபடியே விட்டால் வைரஸ் வந்து பூட்டும்போது பேக்கப்பும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் கடைக்குள் வந்தால் தரைத்தள டிஸ்க்கும் போகும். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் எண் வரை வருகிறதா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.