ஜெட் ஸ்கீ எஞ்சினுக்குள் தண்ணீர்: பட்டறை மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று ஜெட் ஸ்கீ வாங்கி வாடகைக்கு விடுகிறேன். நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். சர்வீஸ் முடிந்து எடுத்துவந்த அன்றே, கடலில் இறக்கிய பத்து நிமிடத்தில் ஒரு வண்டி ‘டக்’கென்ற சத்தத்தோடு நின்றது. மீன்பிடிப் படகில் கட்டிக் கரைக்கு இழுத்துவந்து அதே பட்டறையில் விட்டேன். ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறது. “நீங்கள் கவிழ்த்திருப்பீர்கள், எஞ்சின் பிளாக் மாற்ற 3.8 லட்சம் ஆகும்” என்கிறார்கள். ஒத்துக்கொள்ளும்வரை வண்டியைத் தரமாட்டார்களாம். நாளுக்கு 500 ரூபாய் இட வாடகை வேறு. ஊழியர்கள் முன்னால் என்னைக் கேவலமாகப் பேசினார் முதலாளி. சீசன் வருமானமும் போனது. நான்கு நாளாகிறது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: கேவலமாகப் பேசியதை விடுங்கள், அதற்குச் சட்டத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சீசன் வருமானத்தைக் கேட்கலாம்; ஆனால் முந்தைய ஆண்டுக் கணக்கும், தாமதமானால் உங்களுக்கு இந்த நஷ்டம் வரும் என்று பட்டறைக்கு முன்பே தெரியும் என்பதற்கான ஆதாரமும் வேண்டும். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்தான்: தண்ணீர் எஞ்சினுக்குள் எப்போது போனது? பட்டறையிலா, கடலிலா, இழுத்துவரும்போதா?

பட்டறையில் போயிருக்க வாய்ப்பு உண்டு. வெளித்தண்ணீரால் குளிரூட்டப்படும் எஞ்சினைக் கழுவும்போது முதலில் ஸ்டார்ட் செய்து பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது குழாயை மூடிவிட்டுத்தான் எஞ்சினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் தண்ணீர் எக்ஸாஸ்ட்டை (புகை வெளியேறும் குழாயை) நிரப்பி, திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கிவிடும். தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது; அடுத்த ஸ்டார்ட்டில் கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளையும். லேசாக வளைந்த ராடு கொஞ்ச நேரம் ஓடிவிட்டுப் பிறகு உடைவதும் உண்டு. நீங்கள் சொல்லும் ‘டக்’ அதுவாக இருக்கலாம்.

ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் பிடிக்கப்போவது நீங்கள் இழுத்துவந்த கதையை. சில உற்பத்தியாளர் கையேடுகள் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள், குளிரூட்டும் குழாயை அழுத்திப் பூட்டுங்கள் என்கின்றன. வேகமாக இழுத்தால் ஜெட் பம்ப் வழியே தண்ணீர் எக்ஸாஸ்ட்டுக்குள் தள்ளப்படும். இழுத்ததை மறைக்கச் சொல்லவில்லை. என்ன வேகம், எவ்வளவு நேரம், குழாய் பூட்டப்பட்டதா என்று படகோட்டியிடம் இன்றே எழுதி வாங்குங்கள். பட்டறைக்கு இனி வாட்ஸ்அப் செய்தி அனுப்பாதீர்கள். கோபத்தில் எழுதும் வரிதான் பிறகு ஒப்புதலாக வந்து நிற்கும். ஒன்று உங்களுக்குச் சாதகம்: நின்றுபோன எஞ்சினில் ராடு வளையாது. இழுத்துவந்த பிறகு யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை என்றால், வளைந்த ராடு சொல்வது: தண்ணீர் இழுப்பதற்கு முன்பே உள்ளே இருந்தது.

இந்த மாதிரி வழக்குகளில் கட்சிக்காரர்கள் கவிழ்வது இரண்டு விதமாக. ஒரு சாரார் வேறு மெக்கானிக்கிடம் கொடுத்து எஞ்சினை மாற்றிவிடுகிறார்கள். பழைய பிஸ்டனும் ராடும் காயலான் கடைக்குப் போகின்றன, கோர்ட்டில் காட்ட பில் மட்டும்தான் மிஞ்சுகிறது. இன்னொரு சாரார் ‘சாட்சிப் பொருள், தொடக்கூடாது’ என்று அப்படியே போட்டுவைக்கிறார்கள். உப்புத்தண்ணீர் நின்ற சிலிண்டர் சில நாட்களிலேயே துருப்பிடித்து இறுகும். நஷ்டத்தைக் குறைக்க வழி இருந்தும் செய்யாததைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது ஒப்பந்தச் சட்டம் 73-ஆவது பிரிவின் விளக்கம். துருவினால் ஆன செலவு உங்கள் தலையில் விழும். வழக்குப் போட்டு, கோர்ட் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர் வந்து பார்ப்பதற்குள் எஞ்சின் இரும்புக்கட்டியாகிவிடும்.

ஆகவே இன்றே பட்டறைக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் எழுதுங்கள்: 48 மணி நேரத்தில், சுயேச்சையான மரைன் சர்வேயர் (படகுச் சேதத்தை ஆய்வு செய்யும் நிபுணர்) முன்னிலையில், வீடியோ எடுத்துக்கொண்டே திறக்க வேண்டும், அதுவரை ஸ்டார்ட்டர் பட்டனை யாரும் தொடக்கூடாது. அவர்கள் மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்குச் சாட்சி. திறக்கும்போது முதலில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஆயிலை உறிஞ்சி, 200 மி.லி. வீதம் மூன்று பாட்டிலில் நிரப்பி, இரு தரப்பும் கையெழுத்திட்டு சீல் வையுங்கள். பரிசோதனைக் கூடத்தில் சோடியம், குளோரைடு பார்க்கச் சொல்லுங்கள். கூடவே பட்டறைக் குழாய்த் தண்ணீரிலும் ஒரு பாட்டில் எடுங்கள். கடலோர போர்வெல் தண்ணீரே பல இடங்களில் உப்புக் கரிக்கும். அது இல்லாமல் ‘உப்பு இருந்தது, ஆகவே கடல்’ என்று உங்களை மடக்கிவிடுவார்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எந்தத் துளையிலிருந்து தண்ணீர் வருகிறது என்று கிட்டத்தில் படமெடுங்கள். பிஸ்டன் ஏறி நிற்கும் மேல் புள்ளியில் ஒவ்வொரு பிஸ்டனின் உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த ராடு வளைந்திருக்கிறது. எஞ்சின் கணினியில் பதிவான ஓட்ட நேரத்தையும் பிழைக் குறிகளையும் அச்செடுத்து வாங்குங்கள். கழற்றிய பாகங்கள் உங்கள் கைக்கு வர வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தை மறந்துவிடுங்கள். வணிக நோக்கத்தில் சேவை வாங்குபவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார். மூன்று வண்டி, நான்கு ஊழியர் என்றால் ‘சுயதொழிலால் பிழைப்பு’ என்ற விதிவிலக்கு கிடைப்பது கடினம். லக்ஷ்மி இன்ஜினியரிங் எதிர் பி.எஸ்.ஜி. வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் உங்களுக்கு எதிராகத்தான் இருக்கும். 3 லட்சத்துக்கு மேல் கேட்டால் வணிக நீதிமன்றம். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கில், தாக்கல் செய்வதற்கு முன்பே சமரச முயற்சி கட்டாயம்.

வண்டியைப் பிடித்துவைக்கும் உரிமை, செய்த வேலைக்கான கூலி பாக்கிக்கு மட்டும்தான் (ஒப்பந்தச் சட்டம் 170). செய்யாத வேலையின் மதிப்பீட்டுக்கு இல்லை, முன்பே ஒத்துக்கொள்ளாத இட வாடகைக்கும் இல்லை. கழற்றிப் பார்த்த கூலி ஏதாவது பாக்கியிருந்தால் ‘ஆட்சேபத்துடன்’ என்று எழுதிக் கட்டிவிட்டு வண்டியை மீட்டுக்கொள்ளுங்கள்.

என் அபிப்பிராயம்: சமரசமாகப் போங்கள். 3.8 லட்சத்துக்கு ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினால் இன்னும் சில சீசன் போகும். பிஸ்டன் உயரம் உங்கள் பக்கம் பேசினால், கூலி முழுக்க அவர்களுடையது, உதிரிபாகம் பாதிக்குப் பாதி, ஆறு மாத உத்தரவாதம் என்று கேளுங்கள். எல்லா பிஸ்டனும் ஒரே உயரத்தில் இருந்தால் கூலித் தள்ளுபடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதுவானாலும் இரு தரப்பும் கையெழுத்திட்ட தாள் கைக்கு வருமுன் பாகங்களுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.