ஃபெரோஎலக்ட்ரிக் பொருட்களால் சில்லுகளின் மின்செலவு உண்மையிலேயே குறையுமா? இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

குறையும் என்றே கருதுகிறேன். ஆனால் அதன் பயன் முதலில் தெரியப்போவது கணக்கிடும் டிரான்சிஸ்டரில் அல்ல, நினைவகத்தில்தான்.

ஃபெரோஎலக்ட்ரிக் பொருளின் மின்முனைவு, அதாவது அதனுள் நேர், எதிர் மின்னூட்டங்கள் எந்தத் திசையில் விலகியிருக்கின்றன என்பது, இரண்டு நிலைகளில் ஏதேனும் ஒன்றில் தானாகவே நிலைத்திருக்கும். மின்புலம் கொடுத்தால் மறுநிலைக்குத் திரும்பும், புலத்தை நீக்கிய பிறகும் அங்கேயே நிற்கும். இந்த இரு நிலைகளையே 0, 1 எனக் கொண்டு தகவலைச் சேமிக்கலாம். கணினியின் முதன்மை நினைவகமான இன்றைய டிராமில் (DRAM) மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் எல்லாச் செல்களையும் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். மின்சாரம் நின்றாலும் தகவலை வைத்திருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்துக்கு அந்தத் தொல்லை இல்லையென்றாலும், எழுதுவதற்கு 10 வோல்ட்டுக்கும் மேல் தேவைப்படுகிறது. ஃபெரோஎலக்ட்ரிக் நினைவகம் இந்த இரண்டு செலவுகளையும் தவிர்க்கிறது.

1920-இல் ஜோசப் வாலசெக் ரோஷெல் உப்பில் கண்ட இந்த இயல்பு சில்லுகளில் பரவலாக நுழையாததற்குக் காரணம், அதுவரை பயன்பட்ட பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள பொருட்கள் மெல்லிய படலமாகும்போது தம் இயல்பை இழப்பதும், சிலிக்கானோடு எளிதில் ஒத்துப்போகாததும் ஆகும். 2011-இல் சிலிக்கான் கலந்த ஹாஃப்னியம் ஆக்சைடின் சுமார் 10 நானோமீட்டர் படலம் ஃபெரோஎலக்ட்ரிக்காக நடந்துகொள்வதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்டபோது நிலைமை மாறியது. 2007-இலேயே இன்டெல் தன் 45 நானோமீட்டர் டிரான்சிஸ்டர்களில் ஹாஃப்னியம் சார்ந்த மின்காப்புப் படலத்தைக் கொண்டுவந்துவிட்டதால், தொழிற்சாலைகளுக்கு அது அன்னியப் பொருளே அல்ல. இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்.

எதிர்மறை மின்தேக்குத்திறன், அதாவது ஃபெரோஎலக்ட்ரிக் படலத்தால் டிரான்சிஸ்டருக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் உள்ளே பெருகும் என்ற கருத்து, பற்றியும் நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அறை வெப்பநிலையில் டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தைப் பத்து மடங்கு மாற்றக் குறைந்தது 60 மில்லிவோல்ட் வேண்டும் என்ற எல்லையை, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வாயிலில் (gate) ஃபெரோஎலக்ட்ரிக் படலம் வைத்துக் கடக்கலாம் என்று ஆய்வாளர்கள் சலாஹுதீனும் தத்தாவும் 2008-இல் முன்வைத்தார்கள். அழகான கருத்து, ஆயினும் அளவீடுகளை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை என்பதால், முதல் ஆய்வை அதன்மேல் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உண்மையான தடை, படலம் எத்தனை முறை எழுதினாலும் பழுதாகாமல் தாங்குமா என்பதுதான். ஹாஃப்னியம் ஆக்சைடின் முனைவைத் திருப்பச் சென்டிமீட்டருக்குச் சுமார் 10 லட்சம் வோல்ட் மின்புலம் வேண்டும். அது படலம் முறிந்துபோகும் அளவுக்கு வெகு தொலைவில் இல்லை. டிரான்சிஸ்டர் வடிவில், சிலிக்கானுக்கும் படலத்துக்கும் இடையே உருவாகும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் ஆக்சைடு அடுக்கு அந்தப் புலத்தின் பெரும்பகுதியைத் தாங்கி மின்னூட்டங்களைச் சிறைப்பிடிப்பதால், சில லட்சம் முறை எழுதியதும் பல சாதனங்கள் தளர்ந்துவிடுகின்றன. டிராமிடம் எதிர்பார்க்கப்படுவதோ கோடி கோடி முறைக்கும் மேல். ஆய்வுத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், புதிய பொருளைத் தேடுவதைவிட அந்த இடையடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.