லாராபின்டா பாதையில் ஒரு நாள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அடிலெய்டில் பணிபுரியும் என் மகன், வரும் ஜூலை மாதம் ஆஸ்திரேலியாவின் லாராபின்டா நடைப்பாதைக்கு என்னையும் அழைத்திருக்கிறான். எனக்கு வயது 56. தினமும் காலையில் 8 கிலோமீட்டர் நடக்கிறேன். அங்கே ஒரு நாள் நடை எப்படி இருக்கும்? என் பயிற்சி போதுமா?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் நடைப்பழக்கம் நல்ல அடித்தளம்தான். ஆனால் அங்கே கிலோமீட்டரை நம்பி நாளைத் திட்டமிட்டால் பொழுது சாய்ந்த பிறகும் நடக்க வேண்டியிருக்கும். நடு ஆஸ்திரேலியாவில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரின் பழைய தந்தி நிலையத்தில் தொடங்கி, மேற்கு மெக்டொனல் மலைத்தொடரை ஒட்டி 220 கிலோமீட்டருக்கும் மேல் சென்று சோன்டர் மலையில் முடியும் இந்தப் பாதை 12 பகுதிகளைக் கொண்டது. அவற்றில் நான்காம் பகுதியின் முதல் நாளை மட்டும் சொல்கிறேன். பாதையின் குணம் முழுவதும் அந்த ஒரு நாளில் விளங்கிவிடும்.

அன்றைய நடை ஸ்டாண்ட்லி பிளவில் தொடங்குகிறது. ஏறத்தாழ 80 மீட்டர் உயரச் செம்பாறைச் சுவர்கள் இரண்டு நெருங்கி நிற்கும் இடம் அது. அங்கே நண்பகலில் சிறிது நேரம்தான் வெயில் நேராக இறங்கும். அப்பகுதியின் பூர்வகுடிகளான அரெர்ன்டே மக்கள் தங்கள் மொழியில் அதற்கு வைத்திருக்கும் பெயர் நீர் உள்ள இடைவெளி என்று பொருள்படும். ஜூலையில் ஏழு மணிக்கு மேல்தான் விடியும். இரவின் குளிர் சில நாட்களில் பூச்சியத்துக்கும் கீழே போவதால், நான் எழுந்தபோது கூடாரத் துணி உறைபனியில் விறைத்துப்போயிருந்தது. தண்ணீர்ப் புட்டியின் வாயில் பனிக்கட்டி மூடியிருந்தது.

பிளவிலிருந்து ஏற்றம் உடனே தொடங்குகிறது. காலடியில் கிடப்பது குவார்ட்சைட் என்னும் கடினமான பாறை. ஆற்றுக் கூழாங்கல்லைப் போல மழமழவென்று தேயாமல், உடைந்த பானை ஓடு போலக் கூர்விளிம்புடன் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து கிடக்கிறது. மிதித்தால் ஒரு முனை தாழ்ந்து மறுமுனை எழும்பி, பானை ஓடுகள் மோதும் ஒலி கேட்கிறது. ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருப்பதால், சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கும் நான் அங்கே இரண்டைத் தாண்டவில்லை. நின்றுதான் மலையைப் பார்க்க முடியும். நடந்துகொண்டே பார்த்தால் விழ நேரும். ஆகவே அடிக்கடி நில்லுங்கள், அதை நேர விரயம் என்று நினைக்காதீர்கள்.

வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. தென் கோளத்தின் குளிர்காலத்தில் சூரியன் வடக்கில் சாய்ந்து செல்கிறது. நாம் மேற்கு நோக்கி நடக்கிறோம். அதனால் நாள் முழுவதும் வலக் கன்னமும் வலக் கையும்தான் காய்கின்றன. நீளக் கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் கட்டாயம் வேண்டும்.

பிற்பகலில் பிரிங்க்லி பிளஃப் என்னும் உச்சியை அடைந்தோம். உயரம் சுமார் 1,200 மீட்டர். 1860இல் அவ்வழியே சென்ற ஆய்வுப் பயணி ஜான் மெக்டவல் ஸ்டூவர்ட் இந்தப் பெயரைச் சூட்டினார். அதற்குப் பன்னெடுங்காலம் முன்பிருந்தே அரெர்ன்டே மக்களின் நாடு அது என்பதை நடப்பவர்கள் மறக்கக் கூடாது. காற்றைத் தடுக்க, முன்பு வந்தவர்கள் முழங்கால் உயரத்துக்குக் கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த மறைப்புக்குள் ஸ்லீப்பிங் பேக்கில் கழுத்துவரை புதைந்தபடி, மலை முகடுகள் வரிசை வரிசையாகக் கருநீலமாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மாலைக்காகவே மீண்டும் போகலாம் என்பது என் எண்ணம்.

பயிற்சிக்கு அழகர்மலை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதுகில் முதலில் ஐந்து கிலோ, பிறகு பத்து, பன்னிரண்டு என்று ஏற்றிக்கொண்டு வாரம் இருமுறை ஏறி இறங்குங்கள். இறங்குவதில் தனிக் கவனம் வேண்டும்: மறுநாள் அந்த உச்சியிலிருந்து இறங்கும் செங்குத்துச் சரிவுதான் முழங்காலைச் சோதிக்கும். இரண்டு ஊன்றுகோல்களை வாங்கி இப்போதே பழகிக்கொள்ளுங்கள். புறப்படும் முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வதும் நல்லது.

கேள்வி: பாதை நெடுகத் தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன என்கிறார்களே, பிறகு ஏன் லிட்டர் கணக்கில் சுமக்க வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தொட்டிகள் முகாம்களில் இருக்கின்றன, உச்சியில் இல்லை. பிரிங்க்லி பிளஃபில் இரவு தங்க விரும்புபவர், அன்றைய பகல், இரவுச் சமையல், மறுநாள் மலைக்கு அப்பால் அடுத்த தொட்டியை அடையும்வரை என மூன்றுக்கும் சேர்த்துச் சுமந்தாக வேண்டும். நான் 6 லிட்டர் எடுத்துச் சென்றேன். அதுவே 6 கிலோ. உணவுப் பெட்டிகளை முன்கூட்டியே இறக்கிவைக்கும் மூன்று இடங்களில் ஸ்டாண்ட்லி பிளவும் ஒன்று என்பதால், புதிதாக நிரப்பிய உணவும் அதே நாளில் பையில் ஏறுகிறது. பாரம் மிகுந்த நாளும் ஏற்றம் மிகுந்த நாளும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

இருந்தும் தண்ணீரைக் குறைக்காதீர்கள். கோவையிலோ சென்னையிலோ நடந்தால் சட்டை நனைந்து உடல் இழக்கும் நீரைக் காட்டிக்கொடுக்கும். அங்கே காற்று அவ்வளவு வறண்டது. வியர்வை தோன்றும் முன்பே ஆவியாகிவிடுகிறது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல், அரை மணிக்கு ஒருமுறை சில மிடறு குடிப்பதே சரி. தொட்டி நீரையும் கொதிக்க வைத்தோ வடிகட்டியோதான் பருக வேண்டும்.

கேள்வி: பாலைவனம் என்றால் மணல்மேடுகள் அல்லவா? மலையும் மரமும் உள்ள இடத்தை எப்படிப் பாலைவனம் என்பது?
– மாணவர், திருச்சி

பதில்: மணல் அல்ல, வறட்சிதான் அளவுகோல். காடும் மலையும் நீரற்று வறண்ட நிலத்தைப் பாலை என்ற நம் முன்னோர் சொல் இந்த மலைத்தொடருக்கு அப்படியே பொருந்துகிறது. பள்ளத்தாக்குகளின் நிழலில், ஈரமான பழங்காலத்தின் எச்சமாக பனை போன்ற தோற்றமுள்ள சைகாட் தாவர வகை ஒன்று இன்றும் பிழைத்திருக்கிறது. சரிவெங்கும் ஸ்பினிஃபெக்ஸ் புல். தூரத்தில் வெளிர்மஞ்சள் மெத்தையாகத் தெரியும் அதன் இலைநுனி ஊசிதான்; கால்சட்டையைத் துளைத்து ஒடிந்து தோலுக்குள் தங்கிவிடும். அன்று இரவு டார்ச் ஒளியில் என் கெண்டைக்காலிலிருந்து இடுக்கியால் பதினொன்றை எடுத்தேன். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை மூடும் கெட்டித் துணி உறையை அடுத்த நாள் காலை முதல் கழற்றவே இல்லை.