ஓஆர்7டி4: எல்லா மாதிரியிலும் பட்டை விழுந்தால்

ரத்தம், தோல், எச்ஈகே செல் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்) மூன்றின் சிடிஎன்ஏவிலும் (ஆர்என்ஏவிலிருந்து நகலெடுத்த டிஎன்ஏ), மூக்கில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிக்கான ஓஆர்7டி4 ஜீனின் பிசிஆர் பட்டை ஜெல்லில் 940 பேஸ் அளவில் விழுகிறது, அப்படியானால் இந்த ஜீன் மூக்குக்கு வெளியேயும் வேலை செய்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முடிவுக்கு இப்போதே போக வேண்டாம். பெரும்பாலும் அது ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்த ஜீனோம் டிஎன்ஏதான்.

இந்த ஏற்பியின் 312 அமினோ அமிலங்களுக்கான குறியீடு முழுவதும் ஒரே எக்ஸானில் (ஆர்என்ஏவில் தங்கும் பகுதியில்) இருக்கிறது. நடுவே இன்ட்ரான் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதி) கிடையாது. ஜீனோமிலிருந்து பெருகினாலும் சிடிஎன்ஏவிலிருந்து பெருகினாலும் நீளம் ஒன்றுதான், ஜெல்லில் பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்பீட்டுக்காக ஓட்டிய ஆக்டின் ஜீன் சுத்தமாக வந்தது என்கிறீர்கள். ஆக்டின் பிரைமர்களை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளை) வழக்கமாக இன்ட்ரானுக்கு இருபுறமும் வைப்பார்கள். அந்த இன்ட்ரான் நீளமாக இருந்தால் ஜீனோம் துண்டு பெருகாது, அதனால் அவை இந்தக் கலப்பைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம்.

1 மைக்ரோகிராம் ஆர்என்ஏவுக்கு 1 யூனிட் டிஎன்ஏஸ்-1 (டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதி) சேர்த்து 37 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். பிறகு மெக்னீசியத்தைப் பிடித்துவைக்கும் இடிடிஏ, கலவையில் சுமார் 5 மில்லிமோலார் இருக்கும்படி. அதைச் சேர்த்த பின்பே 65 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்க வேண்டும். இல்லையென்றால் மெக்னீசியம் சூட்டில் ஆர்என்ஏவையே துண்டாக்கிவிடும். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கை ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவைச் சிடிஎன்ஏவாக்கும் நொதி) போடாமல் ஓட்டுங்கள். அதிலும் பட்டை வந்தால் கலப்பு இன்னும் போகவில்லை.

அந்தப் பங்கு காலியாக இருந்து, நொதி போட்டதில் பட்டை நின்றால், சாங்கர் முறையில் அதன் டிஎன்ஏ வரிசை பாருங்கள். ஓஆர்7டி2 மாதிரி நெருங்கிய உறவு ஜீன்களையும் பிரைமர் பிடித்துவிடும். பார்க்கும்போதே ஏற்பியின் 88, 133ஆம் அமினோ அமில இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கே டிரிப்டோபானும் மெத்தியோனினும் இருந்தால், அது ஆண்ட்ரோஸ்டீனோனுக்கு (இந்த ஏற்பி பிடிக்கும் வாசனைப் பொருளுக்கு) மங்கலாக வினைபுரியும் வகை. பின்னால் செல்லில் வைத்துச் சோதிக்கப்போகிறீர்கள் என்றால் இது கண்டிப்பாகத் தேவைப்படும்.