கேள்வி-பதில்: குளவி கொட்டியது, அப்புறம்?

கேள்வி: நாங்கள் உயர்தரம் படிக்கும் மாணவிகள். பாடசாலையில் மாதச் சஞ்சிகை தொடங்குகிறோம். இதழியலின் அடிப்படைகளைச் சொல்லித் தருவீர்களா? யார், என்ன, எங்கே, எப்போது என்று எழுதினால் போதும்தானே? முதல் இதழுக்கு ஒரு குளவிக்கொட்டுச் செய்தியும் ஐந்து ஆசிச் செய்திகளும் தயார்.
— மாணவி, அட்டன்

பதில்: ஆசிச் செய்திகளை முதலில் எடுத்துவிடுங்கள் தங்கச்சி. பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி என்று பக்கம் நிரப்பும் பழக்கத்தோடு எனக்கு நெடுநாள் சண்டை. இந்தப் பகுதியை வாசிப்பவர்களுக்கு அது தெரியும். குளவிக்கு வருவோம்.

'கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் குளவிக்கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி.' வருடக்கணக்காக இதே செய்தியைப் பார்க்கிறேன். தோட்டத்தின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் மாறும். உங்கள் நான்கு கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது. கொட்டு வாங்கிய ஒருவரிடமாவது யாரும் போய்ப் பேசியதற்கு அடையாளமே இல்லை.

நீங்கள் போய்ப் பேசுங்கள். கூடு எந்த மரத்தில் இருந்தது, எவ்வளவு நாளாக இருந்தது? கங்காணியிடம் முன்பே சொன்னார்களா? சொன்ன பிறகும் அதே மலைக்கு ஆள் அனுப்பியது யார்? வைத்தியசாலைக்கு எதில் கொண்டுபோனார்கள், கொழுந்து லொறியிலா? காலையிலேயே கொட்டியிருந்தால் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம் போட்டார்களா, அரைநாளுக்கான அரைப்பேரா? படுக்கையில் கிடந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா? கொழும்பிலிருந்து வரும் நிருபருக்கு அரைப்பேர் பற்றிக் கேட்கத் தோன்றாது. அம்மாவோ பெரியம்மாவோ கொழுந்துக்கூடையோடு நிற்பதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்குத் தோன்றும். உங்கள் பலமே அதுதான்.

கொட்டியது குளவிதானா என்றும் விசாரியுங்கள். உயர்ந்த கிளையில் திறந்தவெளியில் ஒற்றை அடையாகத் தொங்கினால் அது பெரும்பாலும் மலைத்தேனீ. தேனீயின் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும், தாமதிக்காமல் எடுக்க வேண்டும். குளவி கொடுக்கை விட்டுவிட்டுப் போவதில்லை. இந்த விவரத்தைச் சேர்த்தால் செய்தியை வாசிக்கிற வீட்டுக்கு உதவும்.

எண்ணிக்கையில் அவசரம் கூடாது. 2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை மூடியது. 300 பேரைக் காணவில்லை என்று அன்றைக்கே உலகமெல்லாம் செய்தி போனது. பிள்ளைகள் பலர் பாடசாலைக்கும் பெரியவர்கள் பலர் வேலைக்கும் போயிருந்தார்கள். நாள் செல்லச்செல்ல அந்த எண் வெகுவாக இறங்கியது. பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு லயம் லயமாகக் கேட்டுப் பார்க்காமல் எண்ணைச் சொன்னால் இப்படித்தான் குழப்பம் வரும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தெரிந்தும் அந்தச் சனங்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள்? எழும்பிப் போகச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லை. நீங்கள் பட்டியலில் விட்டுவிட்ட 'ஏன்' இதுதான். மலையகச் செய்தி எதை எடுத்தாலும், அதைக் கேட்காமல் எழுதினால் பாதிச் செய்தி.

நூறு வருடத்துக்கு முன் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் போடுவார்கள். மலையகத் தொழிற்சங்க முன்னோடியும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யர் துணி வியாபாரி போல் உள்ளே போய்த் தொழிலாளர்களைக் கண்டு பேசினார். பிறகு 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தினார். மனைவி மீனாட்சி அம்மாளும் கூடவே எழுதினார். உங்களுக்கு வேடம் எதுவும் தேவையில்லை, நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள்.

சரி, ஐந்து ஆசிச் செய்திகளின் இடத்தில் என்ன போடுவது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கடந்த வருடம் குளவிக்கொட்டுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று, ஆசிரியர் ஒருவரைக் கொண்டு உங்கள் பகுதி அரச வைத்தியசாலைக்கு விண்ணப்பம் போடுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். தோட்டத் துரையிடமும் கேளுங்கள், அவர் தரப்பையும் அப்படியே போடுங்கள். பதில் தரவில்லை என்றால், எந்தத் திகதியில் என்ன கேட்டோம், பதில் வரவில்லை என்று எழுதுங்கள்.